குறை சொல்லாத வீட்டுக்காரி

அத்தியாயம் 4

அந்தக் குளியலறையில் எல்லாம் இருந்தது, தரையைத் தவிர.

சுவரில் இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தது. அதற்கு மேலே வெறும் செங்கல். ஒரு மூலையில் உடைத்துப்போட்ட பழைய டைல்ஸ் குவியல். தரை இருக்க வேண்டிய இடத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம், அதன் நடுவே வாயைத் திறந்துகொண்டு ஒரு குழாய்.

"இது பாத்ரூமா, இல்ல கிணறு வெட்டிட்டுத் தண்ணி வரலைன்னு போயிட்டாங்களா?" என்றான் ரேடியோ.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. காலையில் கண் விழித்ததும் ஆரம்பிக்கிற வாய் ராத்திரி படுத்தால்தான் ஓயும் என்பதால் தெரு வைத்த பெயர். பள்ளத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவனுடைய அக்கா புருஷன். துப்பறிவது அவர் தொழில். எதற்கும் அவசரப்படாதவர், வீடு தீப்பிடித்தாலும் செருப்பை ஜோடியாகத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்பதால் அவருக்கு நிதானம் என்று பெயர். இந்தப் பெயரை வைத்தது தெரு இல்லை, ரேடியோவேதான்.

"மச்சான், வாயை மூடு" என்றார் நிதானம். "நீங்க சொல்லுங்க டிரைவர்."

பள்ளிக்கூடப் பஸ் ஓட்டும் அந்த மனிதர் கதவில் சாய்ந்து நின்றார். ஷேவ் செய்து ஒரு வாரமாவது ஆகியிருக்கும்.

"என்னை ஏமாளின்னு மட்டும் நினைச்சுடாதீங்க சார். நான் எல்லாம் விசாரிச்சுதான் செஞ்சேன். முழுப் பணமும் முன்னாடியே குடுக்கல. டைல்ஸ், சிமெண்ட் கல்னு சாமான் எல்லாம் நானே போய் வாங்கினேன். அவன் முன்னால செஞ்ச வேலையைக் காட்டுன்னு கேட்டேன். ஒரு வீட்டு விலாசம் குடுத்தான். நேர்ல போனேன். அந்த வீட்டுக்கார அம்மா பாத்ரூமைத் திறந்து காட்டினாங்க. கண்ணாடி மாதிரி இருந்துது சார்! இவரை மாதிரி தங்கமான கான்ட்ராக்டர் கிடைக்க மாட்டார்னு வாய் நிறையச் சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் வேலையைக் குடுத்தேன்."

"வந்து உடைச்சான்?"

"ஒரே நாள்ல உடைச்சான். பாதிச் சுவர் ஒட்டினான். ஒரு சாயங்காலம் மீதிச் சாமானை எல்லாம், அளவு பார்த்து வெட்டிக் கொண்டுவர்றேன்னு வேன்ல ஏத்திக்கிட்டுப் போனான். அதோட சரி. என் நம்பர்னா போனே எடுக்கறதில்ல. கார்டுல இருக்கற விலாசத்துக்குப் போனா அங்க ஒருத்தர் முடி வெட்டிக்கிட்டிருக்கார். ஸ்டேஷனுக்குப் போனேன். வேலை பாதியில நிக்குது, அவ்வளவுதானே, பேசித் தீர்த்துக்கங்கன்னுட்டாங்க."

டிரைவரின் குரல் அதற்கு மேல் இறங்கிவிட்டது.

"எங்க வீட்ல இடுப்பு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு ஆஸ்பத்திரியில இருக்கா சார். வெள்ளிக்கிழமை அனுப்பறாங்க. வழுக்காத தரை, பிடிச்சு எழுந்திருக்கக் கைப்பிடி, இதெல்லாம் இருந்தாத்தான் வீட்டுக்கு அனுப்பலாம்னு டாக்டர் சொல்லிட்டார். இல்லைன்னா அவ தங்கச்சி வந்து வெளியூர் கூட்டிட்டுப் போயிடுவா. அங்க போனா திரும்பி வர மாசக் கணக்காகும். அவ இல்லாம இந்த வீட்ல என்னால ஒரு வாய் சோறு முழுங்க முடியல."

 

"கைப்பிடியும் நீங்களே வாங்கினதா?" என்று கேட்டார் நிதானம்.

"ஆமா சார். அந்த அம்மா வீட்ல கைப்பிடி கிடையாது. நான்தான் ஸ்பெஷலா கடையில தேடி ஒரு ஜோடி வாங்கினேன். எவர்சில்வர், ஈரக் கைக்கு வழுக்கும். அதனால ஸ்டியரிங்ல சுத்துவோமே, கறுப்பு டேப், அதை அழகா சுத்தி வெச்சேன். அதையும் தூக்கிட்டுப் போயிட்டான் பாவி."

மீந்த டேப் உருளையை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். நிதானம் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு பள்ளத்தை இன்னொரு தரம் நிதானமாகப் பார்த்துவிட்டுத் தன் போனை எடுத்தார்.

"அந்த ஆள் நம்பரைச் சொல்லுங்க. புது நம்பர்னா எடுப்பான்."

முதல் மணியிலேயே எடுத்தான். நிதானம் ஒலிபெருக்கியைப் போட்டார். தன் வீட்டுக் குளியலறையை மாற்ற வேண்டும், வயசான மாமியார் இருக்கிறார், கைப்பிடியெல்லாம் வைக்க வேண்டும் என்று சாவதானமாகச் சொன்னார். எதிர்முனையில் குரல் வெண்ணெயாக இருந்தது.

"அடடா, அதே மாதிரி ஒண்ணு இப்பதான் சார் முடிச்சேன். கைப்பிடியோட! நீங்க முதல்ல போய் வேலையைப் பாருங்க. நாளைக்குப் போங்க. நான் வந்து உங்ககிட்ட என்னைப் பத்திப் பேசக் கூடாது, வேலைதான் பேசணும். பிடிச்சிருந்தா அந்த அம்மாவே எனக்குப் போன் போடுவாங்க. அப்புறம்தான் வருவேன். அதான் நம்ம வழக்கம்."

சொன்ன விலாசத்தைக் கேட்டதும் டிரைவர் துள்ளினார். "அதே வீடு சார்!"

"ஆக, அந்த அம்மா கூப்பிடாம அவன் வெளியவே வர மாட்டான்" என்று எழுந்தார் நிதானம். "சரி. அந்த அம்மாவைப் பார்ப்போம்."

"அத்தான்," என்றான் ரேடியோ மெதுவாக, "உங்க மாமியார்னா அது எங்க அம்மா. அவங்க வயசானவங்கன்னு சொன்னதை நான் வீட்ல சொல்லலாமா, வேணாமா?"

* * *

மறுநாள் காலை நிதானத்தின் ஸ்கூட்டரில் போனார்கள். வழியில் அவர்களை முந்தாதவை ஓரமாக நின்ற மரங்கள் மட்டும்தான்.

சின்ன வீடு. வாசலில் நாலைந்து பூந்தொட்டிகள். அழைப்பு மணியை அழுத்தியதும் கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். இழுத்து முடிந்த கொண்டை, துவைத்து வெளுத்த புடவை, தயாராகக் காத்திருந்த சிரிப்பு.

"வாங்க, வாங்க. கான்ட்ராக்டர் சொன்னார். உட்காருங்க, டீ கொண்டு வர்றேன்."

ஹாலில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா இடப்பக்கம் இருந்த படுக்கையறைக்குள் போனார். சற்று நேரத்தில் ஆவி பறக்கும் இரண்டு டம்ளர்களோடு அங்கிருந்தே வெளியே வந்தார்.

ரேடியோ குனிந்து அத்தானின் காதைக் கடித்தான். "டீ பெட்ரூம்லருந்து வருது. அப்ப பெட் எங்க இருக்கும், சமையலறையிலயா?"

"குடி" என்றார் நிதானம்.

குளியலறையைக் காட்டினார் அந்த அம்மா. பொய் சொல்லக் கூடாது, அருமையான வேலை. டைல்ஸ் கோட்டுக்குக் கோடு நேராக ஓடியது. நிதானம் வாளியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துத் தரையில் ஊற்றினார். அது எங்கேயும் தேங்காமல் நல்ல பிள்ளையாக மூலையில் இருந்த துவாரத்துக்குப் போய் இறங்கியது. வாட்டம் கச்சிதம். எதிர்ச் சுவரில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் கைப்பிடி.

"வேலை எப்படிங்க? சொன்ன நாள்ல முடிச்சாரா?" என்று கேட்டார் நிதானம்.

"சொன்ன நாளுக்கு முன்னாலயே."

"சத்தம், தூசி?"

"ஒரு பொட்டுத் தூசி கிடையாது."

"வேலை ஆளுங்க?"

"இருக்கற இடமே தெரியாது. தங்கமானவங்க."

"கொஞ்சம் மாத்திச் செஞ்சிருக்கலாம்னு ஏதாவது?"

"ஒண்ணே ஒண்ணு கூட இல்ல சார். எல்லாம் திருப்தி."

ரேடியோ இதற்குள் தன் பாட்டுக்குக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "எங்க அம்மாவுக்கு இது சரியா இருக்கும் அத்தான், இப்படிப் பிடிச்சுட்டு அப்படியே..." என்று எழுந்து காட்டினான். காட்டியவன் அப்படியே பின்பக்கமாகப் போய் வாளியில் உட்கார்ந்தான். கைப்பிடி சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவன் கையோடு வந்துவிட்டது.

"ஐயோ!" என்றார் அந்த அம்மா.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா, வாளிக்குத்தான் அடி" என்று எழுந்த ரேடியோ கைப்பிடியைக் கீழே வைக்கப் பார்த்தான். வைக்க வரவில்லை. உள்ளங்கை பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. உதறினான், தேய்த்தான், ஒருவழியாகப் பிரித்தெடுத்தான். "என்ன இழவு பிசின் இது?"

நிதானம் கைப்பிடியை வாங்கி முனையைப் பார்த்தார். திருகாணிகள் விரல் நகம் அளவுக்குத்தான் இருந்தன. காலண்டர் மாட்டக்கூட அது பத்தாது. கம்பியின் மேல் சுற்றுச் சுற்றாகப் பிசின் தடம். அதைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்.

"ஒரு போன் பண்ணிட்டு வந்துடறோம்மா" என்று ரேடியோவை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"கவனிச்சியா?"

"என்னத்தைக் கவனிக்கிறது, கை ரெண்டும் ஒட்டிக்கிச்சு."

"அந்த அம்மா ஒரு குறை கூடச் சொல்லல மச்சான். போன வருஷம் நம்ம வீட்ல ஜன்னல் மாத்த ஒரு தச்சர் வந்தாரே. நல்ல வேலைக்காரர். அவர் போனப்புறம் உங்க அக்கா எத்தனை நாள் திட்டினா?"

"திட்டினாளா? இன்னும் திட்டி முடியலியே! மரத்தூளைக் கூட்டலைன்னு நேத்துகூடச் சொன்னா."

"அதான் விஷயம். வேலை எவ்வளவு நல்லா இருந்தாலும், ஆள் வந்து போன வீட்ல நாலு முணுமுணுப்பு இல்லாம இருக்காது. கதவை மூடல, டீ கேட்டாங்க, ஆணி அடிச்சு சுவரைக் கெடுத்துட்டாங்கன்னு ஏதாவது இருக்கும். இந்த அம்மா சொல்றது அனுபவம் இல்ல, ஒப்பிக்கிற பாடம். இவங்களும் கூட்டு. ரெண்டு பேருக்கும் பங்கு இருக்கு."

"பார்த்தா அப்படித் தெரியலியே அத்தான்."

"பார்த்தா தெரியாதவங்களைத்தான் இந்த வேலைக்கு வெச்சுக்குவான். நான் உள்ள போய்ப் பேச்சுக் குடுக்கறேன். நீ கையைக் கழுவு."

"தண்ணிக்கு இது போகாது. எண்ணெய் தடவணும்."

எண்ணெய் என்றால் சமையலறை. நிதானம் அந்த அம்மாவை ஹாலில் பேச்சில் பிடித்து வைத்திருக்க, ரேடியோ உள்பக்கம் நழுவினான். கோடியில் ஒரு கதவு. அதை மறைத்து ஒரு துணி உலர்த்தும் ஸ்டாண்டு, அதில் போர்வை. ஸ்டாண்டைத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தான்.

"தம்பி, அந்தக் கதவு வேணாம்!" ஹாலிலிருந்து அலறல் கேட்டது.

ரேடியோ திறந்துவிட்டான். உள்ளே சமையலறை இல்லை.

வெளிச்சம்தான் இருந்தது. பின்சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தார்ப்பாய் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. மேடையைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். பாத்திரம் தேய்க்கும் தொட்டி மண்ணில் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் ஒரு பூனை படுத்திருந்தது, அதுவும் இவனைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அம்மா ஓடி வந்தார். வந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தத் தயாரான சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. அப்படியே கீழே உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

பின்னாலேயே வந்த நிதானம் சமையலறையைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு தன் வாழ்க்கையில் அதிகம் சொல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

"நான் தப்பா நினைச்சுட்டேன்."

* * *

"குறை சொன்னா மீதி வேலை நடக்காது சார்" என்றார் அந்த அம்மா, படுக்கையறையில் உட்கார்ந்துகொண்டு. பஸ் டிரைவருக்காக வந்தவர்கள் என்பதை நிதானம் அவரிடம் சொல்லியிருந்தார். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்திருந்தார். ஜன்னல் ஓரமாக ஒரு அடுப்பு, அதைச் சுற்றி டப்பாக்கள்.

முதலில் குளியலறையைத்தான் செய்ய வந்தானாம். அதை அழகாக முடித்தான். நம்பிக்கை வந்ததும், சமையலறைச் சுவர் ஓதம் ஏறிப்போச்சும்மா, இடிச்சுக் கட்டிடலாம் என்றான். சரி என்றார். இடித்தான். இடித்ததோடு ஆளைக் காணோம். பல நாள் கழித்து வந்தவன் ஒரு யோசனை சொன்னான். உங்க பாத்ரூமைப் பார்க்க ஆள் அனுப்பறேன். நல்லபடியா சொல்லுங்க. அவங்க வேலை குடுத்தா உங்க சுவர் கொஞ்சம் ஏறும்.

"ஏறுச்சா?" என்று கேட்டான் ரேடியோ.

"வந்து பாருங்க தம்பி."

தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. கீழே இரண்டு வரிசை சிவப்புச் செங்கல். அதன் மேல் இரண்டு வரிசை வெளிறிய செங்கல். அதற்கு மேல் ஒரு வரிசை பழைய செங்கல், பூச்சு கூட உதிரவில்லை. உச்சியில் சாம்பல் நிற சிமெண்ட் கல் ஒரு வரிசை.

"ஒவ்வொருத்தர் ஏமாந்ததும் அவங்க வீட்டுச் சாமானைக் கொண்டாந்து ஒண்ணு ரெண்டு வரிசை வெப்பான். இது ஒரு வாத்தியார். இது புதுசா கல்யாணமான ஜோடி. இது ரெண்டு அக்கா தங்கச்சி, வந்து அவ்வளவு நேரம் பேசிட்டுப் போனாங்க." விரல் மேலே வந்து சாம்பல் கல்லில் நின்றது. "இது அந்த பஸ் டிரைவர்."

ரேடியோ தார்ப்பாயின் நுனியை அவர் கையிலிருந்து வாங்கிப் பிடித்துக்கொண்டான். 

"டிரைவர் சம்சாரம் வீட்டுக்கு வந்துட்டாங்களா சார்?" என்று கேட்டார் அந்த அம்மா தயங்கித் தயங்கி. "ஆபரேஷன்னு சொன்னார். என்கிட்ட எல்லாம் சொன்னார் பாவம்."

நிதானம் குளியலறைக்குப் போய்க் கைப்பிடியை எடுத்து வந்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தார்.

"இது அவர் வாங்கினது. உங்க வீட்ல கைப்பிடி இல்லைன்னு அவர் சொன்னார். நான் நேத்து போன்ல கைப்பிடி வேணும்னு கேட்டேன், இன்னிக்கு இங்க முளைச்சிருக்கு."

"நேத்து சாயங்காலம் வந்து மாட்டினான்" என்று முனகினார் அவர்.

"மேல சுத்தியிருந்த டேப்பைப் பிடுங்கிட்டான், பிசின் போகல. இவன் நல்லா இருக்கற ஆம்பளை, இவனையே தூக்கி வாளியில போட்டுது. இடுப்புல தையலோட ஒரு அம்மா இதை நம்பி எழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அந்த அம்மா கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு பிசின் தடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"அவனைப் பிடிச்சுட்டீங்கன்னா என் சுவரை அப்புறம் யார் சார் கட்டறது?"

"தெரியாதும்மா. உங்களுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க கூப்பிடாம அவன் வர மாட்டான்."

தார்ப்பாய் படபடத்தது. கடைசியில் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிந்தார். "போனைக் குடுங்க."

எதிர்முனையில் அவன் எடுத்ததும், "பார்த்துட்டாங்க. பிடிச்சிருக்காம். வரலாம்" என்றார்.

 வெண்ணெய்க் குரல் சந்தேகத்தோடு கேட்டது: "குறை ஏதாவது சொன்னாங்களா?"

நிதானத்தின் புருவம் உயர்ந்தது. 

"சொல்லாம என்ன?" என்று சீறினார் அந்த அம்மா. "டைல்ஸ் கலர் மங்கலாம். கைப்பிடி கோணலாம். கூட வந்த மச்சினன் வாய் மூடாம நொட்டை சொல்றான், தலைவலியே வந்துடுச்சு."

"அப்ப நிஜமான பார்ட்டிதான்" என்று எதிர்முனை சிரித்தது. "இருக்கச் சொல்லுங்க, வந்துட்டேன்."

போனை வைத்ததும் ரேடியோ புண்பட்ட முகத்தோடு, "கடைசி விஷயம் தேவையாம்மா?" என்றான்.

"அது ஒண்ணுதான் உண்மை" என்றார் நிதானம்.

* * *

வெள்ளை வேன் வந்து நின்றது. இறங்கியவன் இஸ்திரி போட்ட சட்டையும் தரை சமமா என்று பார்க்கும், வெல்வெட் உறை போட்ட ரசமட்டமுமாக, மணமேடைக்குப் போகிறவன் மாதிரி வந்தான். பின்னால் கொத்தனார் ஒருவரும் டைல்ஸ் ஒட்டுபவர் ஒருவரும் வேனிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"வணக்கம் சார்! என்னைப் பத்தி நான் பேச மாட்டேன். வேலை பேசிச்சா?"

"நல்லாப் பேசிச்சு" என்றார் நிதானம். "கையை விட மாட்டேன்னு ஒட்டிக்கிச்சு."

அவர் கையிலிருந்த கைப்பிடியைப் பார்த்ததும் அவனுடைய சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் நின்றது. அலுங்காமல் திரும்பினான். திரும்பிய பக்கம் தெருவே இல்லை. தெருவை அடைத்துக்கொண்டு மஞ்சளாக ஒரு பள்ளிக்கூடப் பஸ் நின்றுகொண்டிருந்தது. வேனின் மூக்குக்கும் பஸ்ஸின் வயிற்றுக்கும் நடுவே ஒரு செய்தித்தாள்கூட நுழையாது. டிரைவர் இருக்கையிலிருந்து, நிதானம் போன் போட்டு வரவழைத்திருந்த நம்ம டிரைவர் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார்.

"பார்க்கிங்ல மனுஷன் கில்லாடி" என்றான் ரேடியோ.

ஆனால் கான்ட்ராக்டர் அசரவில்லை. தோளைக் குலுக்கினான்.

"என்ன சார் பெரிய விஷயம்? வேலை பாதியில இருக்கு, அவ்வளவுதானே. நான் ஓடிப் போனேனா? முடிக்க மாட்டேன்னு எங்கயாவது சொன்னேனா? போலீஸே பேசித் தீர்த்துக்கன்னு சொல்லிடுச்சு."

"அது சரிதான். பாதியில நிக்கற வேலை திருட்டு இல்ல" என்று நிதானம் நிதானமாகத் தலையசைத்தார். அவ்வளவு நிதானத்தை ரேடியோவாலேயே தாங்க முடியவில்லை. "ஆனா ஒருத்தர் காசு குடுத்து வாங்கின சாமானை எடுத்து இன்னொருத்தர் சுவர்ல மாட்டினா அதுக்கு வேற பேரு. இந்தக் கைப்பிடி டிரைவரோடது."

"கடையில ஆயிரம் கைப்பிடி இதே மாதிரி இருக்கு."

"இருக்கும். ஆனா ஸ்டியரிங் டேப் சுத்தின கைப்பிடி எந்தக் கடையில இருக்கு? இதுல டேப்பை உரிச்சுட்டே, பிசின் இருக்கு. ஜோடியில இன்னொண்ணு இருக்கணுமே. மச்சான், வேனைத் திற."

ரேடியோ வேனின் பின்கதவைத் திறந்தான். சிமெண்ட் மூட்டைகளுக்கும் டைல்ஸ் பெட்டிகளுக்கும் நடுவே, கறுப்பு டேப் கச்சிதமாகச் சுற்றியபடி, இரண்டாவது கைப்பிடி படுத்திருந்தது. அதை உரிக்க அவனுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. நிதானம் சட்டைப்பையிலிருந்து டேப் உருளையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"இன்ஸ்பெக்டருக்கும் சொல்லியாச்சு, வந்துட்டிருக்கார். இப்ப பேசித் தீர்த்துக்கறது உனக்கும் அவருக்கும் நடுவுல."

கான்ட்ராக்டர் வேன் படிக்கட்டில் உட்கார்ந்தான். ரசமட்டம் உறையிலிருந்து நழுவி அவன் மடியில் சாய்ந்து கிடந்தது. குமிழி ஒரு ஓரமாகப் போய் ஒதுங்கிவிட்டது.

"இவ்வளவு நல்லா வேலை தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஏன்டா இப்படி?" என்று வயிற்றெரிச்சலோடு கேட்டான் ரேடியோ.

"ஆரம்பிக்கும்போது எல்லாரும் சிரிச்ச முகமா குடுக்கறாங்க தம்பி" என்றான் அவன். "முடிக்கும்போதுதான் மூஞ்சியைச் சுளிக்கறாங்க, நொட்டை சொல்றாங்க. அதனால முடிக்கறதையே விட்டுட்டேன்."

இதைக் கேட்டு வேனுக்குள்ளிருந்து கொத்தனார் பொங்கிவிட்டார். "எங்களை ஒரு வேலையையாவது முடிக்க விட்டிருக்கியா? கடைசி டைல்ஸை ஒட்டிட்டு வீட்டுக்காரங்க முகத்தைப் பார்த்து எத்தனை காலமாச்சு! உடைக்கறதும் ஓடறதும்தான் பொழப்பு. சார், எங்க வேலைச் சாமான் இதோ இருக்கு. எங்களை வேணும்னா உள்ள தள்ளுங்க. இல்லைன்னா எந்த வேலை பாக்கியோ அதைக் காட்டுங்க."

எல்லோரும் ஒரே சமயத்தில் அந்த அம்மாவைப் பார்த்தார்கள். அங்கே சுவர் இல்லாத சமையலறை. டிரைவர் வீட்டில் தரை இல்லாத குளியலறை. இருப்பதோ இரண்டு ஆள்.

டிரைவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க அவருக்கும் கஷ்டமாக இருந்தது, அவர் முகத்தைப் பார்க்க அந்த அம்மாவுக்கும் கஷ்டமாக இருந்தது.

"முதல்ல அவர் வீட்டுக்குப் போங்க" என்றார் அந்த அம்மா. "நான் இத்தனை நாள் பெட்ரூம்ல சமைச்சவ. இன்னும் நாலு நாள் சமைச்சா செத்தா போயிடுவேன்? பொய் சொல்லி அந்தப் பள்ளத்துல அவரைத் தள்ளினவ நான். என்னை மன்னிச்சுடுங்க அண்ணே."

 "உங்க சுவர்ல இருக்கற என் கல் அங்கயே இருக்கட்டும்மா" என்றார் டிரைவர். "மேல எத்தனை வேணும்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்கு லீவுதான், ஏத்திட்டு வர்றேன்."

இன்ஸ்பெக்டர் வந்து கான்ட்ராக்டரை அழைத்துப்போனார். போகும்போது ரேடியோ மறக்காமல் அவன் கையைப் பிடித்து அழுத்திக் குலுக்கினான். பிசின் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

* * *

வெள்ளிக்கிழமை மத்தியானம் டிரைவர் வீட்டுக் குளியலறையில் கூட்டம். கொத்தனார் கூலியைக் கேட்கவே இல்லை. டிரைவர்தான், "தண்ணி ஊத்திப் பார்த்துட்டுத்தான் தருவேன்" என்று கறாராகச் சொல்லியிருந்தார். ஒரு செம்பு ஊற்றினார். ஓடிப்போய் இறங்கியது. இன்னொரு செம்பு. அதுவும் இறங்கியது. கைப்பிடிகளில் ரேடியோ இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. உரித்த கைப்பிடிக்கு டிரைவர் புது டேப் சுற்றியிருந்தார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

டிரைவரின் மனைவி நாலுகால் ஊன்றுகோலை ஊன்றி, அடி அடியாக வைத்து உள்ளே வந்தார். பின்னாலேயே அவர் தங்கை, வெளியூருக்குக் கட்டிய பெட்டியோடு, இன்னும் நம்பாத முகத்தோடு. நேராகக் குளியலறைக்குப் போனார் ஊன்றுகோல் ஊன்றிய மகராசி. தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். ஊன்றுகோலை விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பற்றினார். மெல்ல உட்கார்ந்தார். மெல்ல எழுந்தார்.

 சுவரில்லாச் சமையலறைக்கார அம்மா புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு கதவோரமாக நின்றார்.

"ஏங்க" என்றார் டிரைவரின் மனைவி.

"என்னம்மா?"

"இந்தக் கைப்பிடியை ஒரு சாண் கீழ வெச்சிருக்கக் கூடாதா? இந்த டைல்ஸ் கலரை யார் எடுத்தது, மழை மேகம் மாதிரி? ஜன்னல் கம்பியெல்லாம் சிமெண்ட். துடைக்க ஒரு ஆள் இல்லையா இந்த வீட்ல? நான் நாலு நாள் இல்லைன்னா..."

நிதானம் திரும்பி ரேடியோவைப் பார்த்தார். "கேஸ் முடிஞ்சுது" என்றார்.

தங்கை வெளியூர்ப் பெட்டியைக் கீழே வைத்தார். டைல்ஸ் ஒட்டியவர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி, ஈரத்துணியால் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தார். டிரைவருக்கு மட்டும் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மனைவியின் கைக்குப் பக்கத்தில், அதே கைப்பிடியில், தன் கையை வைத்துக்கொண்டார்.

"சொல்லு" என்றார். "இன்னும் என்னென்ன சரியில்ல, ஒண்ணு விடாம சொல்லு."